எல்லை தாண்டி வரும் சிறு பார்சல்: வரிக் கணக்கை வகுப்பில் கற்பித்தல்

எட்டாம் வகுப்புக் கணிதத்தில் 'வாழ்வியல் கணிதம்' இயலிலும், பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'அரசாங்கமும் வரிகளும்' பாடத்திலும் சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) இடம்பெறுகிறது. பெரும்பாலும் உள்ளூர்க் கடையில் வாங்கும் பொருளை வைத்தே இதைக் கற்பிக்கிறோம். திருவொற்றியூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் பணியாற்றும் நான், வெளிநாட்டிலிருந்து இணையவழியில் வாங்கும் சிறு பொருளையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. கண்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள். ராஜாஜி சாலையில் உள்ள சுங்க இல்லத்தைப் பேருந்தில் கடந்து போயிருக்கிறார்கள். "கப்பலில் வரும் பெரிய பெட்டிக்கு வரி உண்டு. கைப்பேசியில் ஆர்டர் செய்த ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் உண்டா?" என்ற கேள்வியில் பாடம் தொடங்குகிறது.

பாடக் கருத்து

2017 ஜூலை 1 முதல் நம் நாட்டில் ஜி.எஸ்.டி. நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி (ஐ.ஜி.எஸ்.டி.) விதிக்கப்படுகிறது. உள்ளூர்க் கடைக்காரர் இந்த வரியைப் பில்லிலேயே சேர்த்து வாங்கி அரசுக்குச் செலுத்துகிறார். இறக்குமதிப் பொருளுக்கோ, நாட்டின் எல்லையில் சுங்க வரி கணக்கிடும்போதே இதையும் சேர்த்து வசூலிக்கிறார்கள். கப்பல், விமானம், கூரியர், அஞ்சல் என எந்த வழியில் வந்தாலும் இதுவே அடிப்படை.

செயல்பாடு 1: வரிசைப்படி கணக்கிடுதல்

பொருளின் மதிப்பு ரூ.1,000 (அனுப்பும் செலவும் காப்பீடும் உட்பட). விகிதங்கள் பொருளுக்குப் பொருள் மாறும். பட்ஜெட்டிலும் மாறும். எனவே வகுப்பில் மாதிரி விகிதங்களைத் தருகிறேன்: சுங்க வரி 20%, சுங்க வரியின் மேல் சமூக நல மேல்வரி 10%, ஐ.ஜி.எஸ்.டி. 18%.

சுங்க வரி: 1,000-இல் 20% = ரூ.200
மேல்வரி: 200-இல் 10% = ரூ.20
இதுவரை கூட்டுத்தொகை = ரூ.1,220
ஐ.ஜி.எஸ்.டி.: 1,220-இல் 18% = ரூ.219.60
மொத்த வரி = ரூ.439.60

விடையைச் சொல்லும் முன் மாணவர்களையே கணக்கிடச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் 20, 2, 18 மூன்றையும் கூட்டி 40%, அதாவது ரூ.400 என்பார்கள். ரூ.39.60 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு சூடுபிடிக்கும். "வரிக்கும் வரியா மிஸ்?" என்பார்கள். ஆம், 220-இல் 18% தான் அந்த 39.60. 'எதன்மீது சதவீதம்?' என்ற கேள்வி மனத்தில் பதிய இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

செயல்பாடு 2: விலக்கு வேண்டுமா, வேண்டாமா?

வகுப்பை இரு குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரு குழு, பாரிமுனையில் அதே பொருளை ரூ.1,000-உடன் 18% வரி சேர்த்து ரூ.1,180-க்கு விற்கும் கடைக்காரர். வெளிநாட்டுப் பார்சல் வரியில்லாமல் ரூ.1,000-க்கு வந்தால் அவர் பிழைப்பு என்ன ஆகும்? மற்றக் குழு சுங்க அலுவலர். ஒரு பார்சலைப் பிரித்து, சரிபார்த்து, வரி வாங்க ஆகும் செலவு வரியைவிடக் கூடுதலானால் யாருக்கு லாபம்?

இந்த இரண்டு பக்கமும் உண்மையானவை. அதனால்தான் பல நாடுகள் முதலில் விலக்கு அளித்தன, பின்னர் எடுத்துவிட்டன. ஆஸ்திரேலியா 1,000 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கை 2018 ஜூலை 1-இல் நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த விலக்கை 2021 ஜூலை 1-இல் கைவிட்டது. சிங்கப்பூர் 400 டாலர் வரையிலான பார்சல்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் வரி விதிக்கிறது. செலவுச் சிக்கலுக்கு இந்நாடுகள் கண்ட வழி, விற்கும் நிறுவனமே விற்பனையின்போது வரியை வாங்கிச் செலுத்துவது. பார்சலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் ரூ.5,000 வரையிலான அன்பளிப்புப் பொருளுக்கு வரிவிலக்கு இருந்தது. விலைக்கு விற்ற பொருள்களும் 'அன்பளிப்பு' என்ற பெயரில் வந்ததால் 2019 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. ராக்கிக் கயிற்றுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது.

வீட்டுக்குச் செல்லும் பாடம்

"வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பரிசுப் பார்சல் வந்திருக்கிறது, சுங்கத்தில் நிற்கிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்ற அழைப்பு என் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்கு வந்தது. அருகில் இருந்த மாணவி, "பொருளின் மதிப்பு என்ன? வரி எத்தனை சதவீதம்?" என்று அம்மாவைக் கேட்கச் சொன்னாள். பதில் வரவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது. மீன் விற்றுச் சேர்த்த பணம் தப்பியது.

ஆகவே மூன்று செய்திகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும்படி சுங்கத் துறை கேட்காது. சுங்கத் துறையின் கடிதத்தில் ஆவண அடையாள எண் (டி.ஐ.என்.) இருக்கும், அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

மதிப்பீடு

1. மதிப்பு ரூ.600, சுங்க வரி 10%, மேல்வரி 10%, ஐ.ஜி.எஸ்.டி. 18% எனில் மொத்த வரி என்ன? (விடை: ரூ.185.88)
2. உள்ளூர்ப் பொருளுக்கும் இறக்குமதிப் பொருளுக்கும் வரி வசூலிக்கும் இடத்தில் உள்ள வேறுபாடு யாது?
3. சிறு பார்சலுக்கு விலக்கு தருவதால் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் எழுதுக.

மூன்றாம் கேள்விக்கு ஒரே சரியான விடை கிடையாது. காரணம் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் வழங்கலாம். தொடக்க வகுப்புகளில் விகிதங்களை விட்டுவிட்டு, ஒரு கடைப் பில்லைக் கொண்டுவரச் செய்து விலை எது, வரி எது என்று பிரித்துக் காட்டச் சொன்னாலே போதும்.