யூத மரபில் விடுதலை: பொருளும் பொறுப்பும்

முன்னுரை

'விடுதலை' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. கட்டு அவிழ்தலையே அது முதற்கண் உணர்த்துகின்றது. கட்டு அவிழ்ந்த மனிதன் அடுத்து யாது செய்தல் வேண்டும் என்பது தனி வினா. இவ்வினாவைத் தம் வழிபாட்டிலும் சட்டத்திலும் இடைவிடாது எழுப்பிவரும் சமுதாயங்களுள் யூத சமுதாயம் குறிப்பிடத்தக்கது. ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து இஸ்ரவேலரை மூசா நபி (அலை) மீட்டுவந்த வரலாறு நமக்குப் புதியதன்று. திருக்குர்ஆனில் மிகுதியாகப் பெயர் சுட்டப்பெறும் இறைத்தூதர் அவரே. அவ்வரலாற்றுக்கு யூதர் கண்ட பொருள் யாது, அவர்தம் இக்கால வாழ்வில் அதன் இடம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று சொற்கள்

எபிரேய மொழியில் விடுதலை குறித்த சொற்களுள் மூன்று இங்கு நோக்கத்தக்கன. தலைவனிடமிருந்து நீங்கிய அடிமையைத் தோரா (தவ்ராத்) 'ஹோஃப்ஷி' என்கிறது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைகள் தம் குடும்பத்தாரிடம் திரும்பவும், விற்ற நிலம் உரியவரிடம் மீளவும் விடுக்கப்பெறும் அறிவிப்பு 'தெரோர்' எனப்படும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள புகழ்பெற்ற விடுதலை மணியில் பொறிக்கப்பட்டிருப்பது இவ்வறிவிப்பே ஆகும்.

மூன்றாவது சொல் 'ஹெரூத்'. எபிரேய வேதத்தில் காணப்படாத இச்சொல், பிற்கால ரபிகளாகிய சமய அறிஞர்தம் வழக்கில் சிறப்பிடம் பெற்றது. சினாய் மலையில் அருளப்பெற்ற கற்பலகைகளில் இறைவனின் எழுத்து 'ஹாரூத்', அதாவது பொறிக்கப்பட்டது, எனத் தோரா கூறும். எபிரேய எழுத்தில் உயிரொலிகள் பெரும்பாலும் குறிக்கப்படாமையால், அதனை 'ஹெரூத்' எனவும் படிக்கலாம் என்றனர் ரபிகள். கல்லில் பொறித்த சட்டமே விடுதலை என்பது இதனால் பெறப்படும். சட்டம் விடுதலைக்குப் பகை எனக் கருதுவார்க்கு இது வியப்பளிக்கலாம். மனிதன் மனிதனுக்கு அடிமையாகாதிருக்க அவன் இறைவனுக்கு மட்டுமே அடிமையாதல் வேண்டும் என்பது இதன் உட்கருத்து எனலாம்.

பாஸ்கா இரவு

நிசான் மாதம் பதினைந்தாம் நாள் தொடங்கும் இரவில் யூதக் குடும்பங்கள் 'செதெர்' என்னும் விருந்துச் சடங்கினை நிகழ்த்துகின்றன. அவ்விரவு ஏனைய இரவுகளினின்றும் வேறுபடுவது ஏன் என வீட்டின் இளைய குழந்தை வினவும். பெரியோர் விடை கூறுவர். புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் உண்ணப்படும். பண்டைக்காலத்து உரிமைக்குடிகள் சாய்ந்தமர்ந்து உண்டதுபோல இவர்களும் சாய்ந்தமர்வர். ஒரே அப்பம் வறியோர் உணவாகவும் விடுதலையின் அடையாளமாகவும் நிற்பது கருதத்தக்கது. எகிப்தியர் அடைந்த பத்துத் துன்பங்களைச் சொல்லுங்கால் கிண்ணத்திலிருந்து பத்துத் துளிகளை எடுத்துவிடுவர். பகைவரின் துன்பத்தால் நம் மகிழ்ச்சியும் குறைதல் வேண்டும் என இதற்குப் பொருள் கூறுவோர் உளர்.

பாஸ்காவின் இரண்டாம் இரவு தொடங்கி நாற்பத்தொன்பது நாள்கள் எண்ணப்படுகின்றன. ஐம்பதாம் நாள், தோரா அருளப்பெற்றதை நினைவுகூரும் 'ஷாவுஓத்' திருநாளாகும். எகிப்தை நீங்கியது தொடக்கமே. சினாயை அடைந்ததே நிறைவு என இவ்வெண்ணிக்கை உணர்த்துகின்றது.

துளையிட்ட காது

எபிரேய அடிமை ஆறாண்டு உழைத்தபின் ஏழாம் ஆண்டில் விடுதலை பெறுவான். அவனை வெறுங்கையுடன் அனுப்பலாகாது. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் பொருள் வழங்குதல் வேண்டும். வாழ வழியில்லா விடுதலை விடுதலையாகாது என்பதனைத் தோரா உணர்ந்திருந்தது. அவன் விலக மறுப்பின், கதவருகே நிறுத்தி அவன் காதைத் துளையிடுவர். காதினை ஏன் துளைத்தல் வேண்டும்? முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யோகனான் பென் சக்காய் கூறும் விளக்கம் தல்மூதில் உள்ளது: இஸ்ரவேலர் தன் அடியாரே என்று இறைவன் கூறியதைச் சினாயில் கேட்டது அக்காது, கேட்டும் தனக்கு வேறொரு தலைவனைத் தேடிக்கொண்டான் அவன், ஆதலின் அது துளைக்கப்படுகின்றது.

எனினும் பிற இனத்து அடிமைகளுக்கு இவ்வேழாண்டு விடுதலை உரியதன்று என்பதையும் நடுநிலையோடு குறித்தல் வேண்டும். அதே வேளையில், ஓய்வுநாளின் ஓய்வு அடிமைக்கும் அயலானுக்கும் கால்நடைக்கும் உரியது. அயலானை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அயலானாய் இருந்தாய் என்னும் பொருளுடைய கட்டளைகள் தோராவில் முப்பத்தாறு இடங்களில் உள்ளன எனத் தல்மூது எண்ணிக் கூறுகின்றது.

இக்கால வாழ்வில்

பிரான்சு நாடு 1791-இல் யூதர்க்குக் குடியுரிமை வழங்கியது. நூறாண்டு கழிந்து, 1891-இல் 'விடுதலைக்குள் அடிமைத்தனம்' என்னும் பொருளமைந்த கட்டுரை எழுதினார் அகாத் ஹாஆம். உரிமைக்கு விலையாகத் தம் தனித்தன்மையை மறைத்துக்கொள்வோர் அகத்தே அடிமைகளே என்பது அவர் கருத்து.

சோவியத் நாட்டில் வெளியேறும் உரிமை மறுக்கப்பட்ட யூதர்க்காக அமெரிக்க யூதர் பலர் செதெர் மேசையில் ஓர் அப்பத்தை மிகுதியாக வைத்தனர். 1977-இல் சிறைப்பட்ட நத்தான் ஷரான்ஸ்கி 1986-இல் விடுதலையானார். ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷெல் 1965-இல் செல்மா நகரில் மார்ட்டின் லூதர் கிங்குடன் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்தார். கணவன் மணவிலக்கு வழங்காமையால் கட்டுண்டு கிடக்கும் பெண் 'அகுணா' எனப்படுவாள். அத்தகைய கணவனைச் சிறையிலிடவும் சமய நீதிமன்றங்களுக்கு அதிகாரமளிக்கும் சட்டம் இஸ்ரேலில் 1995-இல் இயற்றப்பட்டது. விடுதலை வீட்டுக்குள்ளும் வேண்டப்படுவதே என்பதற்கு இது சான்று.

மிகக் கடுமையான வினா இஸ்ரேல் நாட்டின்முன் நிற்கின்றது. 1948-இல் அது வெளியிட்ட பிரகடனம், இறைவாக்கினர் கண்ட விடுதலை, நீதி, அமைதி ஆகியவற்றை அடிப்படையாகக் கூறியது. 1967 போருக்குப்பின் பாலஸ்தீன மக்கள் இராணுவ ஆட்சியின்கீழ் வந்தனர். பிறிதொரு மக்களை அடக்கி ஆள்வது ஆள்வோரையே சீரழிக்கும் என அப்போதே எச்சரித்தவர், வைதிக யூதரும் அறிவியலாளருமாகிய யெஷயாகு லெய்போவிட்ஸ் (1903–1994). 2023 அக்டோபர் 7-க்குப்பின் வந்த 2024 பாஸ்கா இரவில், பிணைக்கைதிகளுக்காகப் பல வீடுகளில் வெற்றிருக்கைகள் இடப்பட்டன. காசா மக்களின் துயரை அதே விழாவில் எடுத்துரைத்த யூதரும் இருந்தனர்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால், யூத மரபில் விடுதலை என்பது நுகரும் உடைமையன்று, தாங்கும் பொறுப்பே என்பது விளங்கும். அடிமைப்பட்ட நினைவு இருவழியாகப் பயன்படக்கூடும்: தன் காயத்தை மட்டும் காக்கும் அரணாகவும் ஆகலாம்; பிறர் காயத்தைக் காணும் கண்ணாகவும் ஆகலாம். முப்பத்தாறு முறை அயலானை நினைவூட்டும் தோரா இரண்டாவதனையே கோருகின்றது. அக்கோரிக்கையை அவர்கள் எந்த அளவிற்கு நிறைவேற்றினர் என அளக்கப் புகுமுன், மூசா நபியின் வரலாற்றைத் தம் வேதத்திலும் ஓதும் நாமும் நம் கையிலுள்ள உரிமைகளை அதே அளவுகோலால் அளந்து பார்த்தல் கடனாகும்.