ஓம் விதியும் அப்பாவின் காரும்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

செஞ்சியில் என் தந்தையார் பழைய அம்பாசிடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். மேல்மலையனூர் அமாவாசைச் சவாரிதான் எங்கள் வீட்டின் பெரிய வருவாய். சென்ற அமாவாசையன்று சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முனகி நின்றுவிட்டது. விளக்கோ நன்றாக எரிந்தது. “பேட்டரி போச்சுடா, கடன் வாங்கித்தான் மாத்தணும்” என்றார் அப்பா.

மல்டிமீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். மின்னேற்றம் நிறைவாகவே இருந்தது. அடுத்து, பேட்டரி முனைக்கும் அதைக் கவ்விய கிளாம்புக்கும் இடையே மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். ஏறத்தாழ 0 காட்ட வேண்டிய இடத்தில் 3 வோல்ட்!

1827இல் ஓம் வெளியிட்ட விதிதான் காரணம் கூறுகிறது. மின்னழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கிய தொகை. முனையில் படிந்த உப்பின் தடை 0.02 ஓம் எனக் கொள்வோம். விளக்குக்குச் சுமார் 5 ஆம்பியர், இழப்பு 0.1 வோல்ட். ஸ்டார்ட்டருக்குச் சுமார் 150 ஆம்பியர்; இழப்பு 3 வோல்ட். ஆகவேதான் விளக்கு எரிந்தும் எஞ்சின் சுழலவில்லை.

சாவியை எடுத்துவிட்டு, எர்த் கம்பியை முதலில் கழற்றினேன். முனைகளையும் கிளாம்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினேன். வண்டி உடனே கிளம்பியது.

“இதைத்தான் காலேஜுல சொல்லித் தராங்களா?” என்றார் அப்பா. நண்பர்களே, பேட்டரியை மாற்றுமுன் இச்சோதனையைச் செய்து பாருங்கள்.