தையல் பொம்மை வாங்கலாமா? அளவைகள் வழியே ஒரு பாடம்

அரசு உயர்நிலைப் பள்ளியில் தையல் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருடன் சேர்ந்து இரண்டு வாரம் நடத்திய பாடம் ஒன்றை இங்கே பகிர்கிறேன். வீட்டில் துணி தைப்பவர் தையல் பொம்மை வாங்க வேண்டுமா, வாங்கினால் எதை வாங்குவது என்பதே பாடத்தின் கேள்வி.

கேள்வி மாணவி ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய அம்மா அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்துப் பொம்மை வாங்கினால் வேலை கூடும் என்று அவர் எண்ணியிருந்தார். "எந்த அளவு வாங்கச் சொல்லட்டும் டீச்சர்?" என்று மாணவி கேட்டார். கடன் வாங்கிய பணம் வீணாகக் கூடாது. எனவே விடையை நானே சொல்லிவிடாமல், வகுப்பு முழுவதும் சேர்ந்து கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தோம்.

பொம்மையின் வகைகள்

முதல் பாடவேளையில் படங்களைக் காட்டி நான்கு வகைகளை அறிமுகப்படுத்தினேன்.

1. ஜவுளிக்கடைப் பொம்மை. ஃபைபர் அல்லது பிளாஸ்டிக்கால் ஆனது. துணியை அழகாகக் காட்டுவதே இதன் வேலை. குண்டூசி இறங்காது. இடை மெலிந்து, கழுத்து நீண்டிருக்கும். தைப்பதற்கு ஏற்றதல்ல.

2. திருகு வைத்த பொம்மை. உடல் பல பாகங்களாகப் பிரிந்திருக்கும். திருகினால் மார்பு, இடை, இடுப்பு அகலும். ஆனால் அகலும்போது பாகங்களுக்கு இடையே இடைவெளி விழும். அந்த இடத்தில் ஊசி நிற்காது. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் அகலுமே தவிர, முன்பக்கம் மட்டும் கூடாது. சிறிதளவு மாற்றத்துக்கு உதவும்.

3. தொழில்முறைப் பொம்மை. கெட்டியான காகிதக் கூழ் உடலின் மேல் மெத்தைப் படலமும் துணியும் போர்த்தியிருக்கும். குண்டூசியைச் சாய்த்துக் குத்தலாம். கனமான இரும்புத் தாங்கி உண்டு. நீடித்து உழைக்கும், விலையும் அதிகம்.

4. வீட்டில் செய்யும் பொம்மை. பழைய பனியனை அணிந்தவர் மேல் பசைத்தாள் நாடாவைச் சுற்றி, முதுகுப் பக்கம் வெட்டி எடுத்து, மீண்டும் ஒட்டிப் பஞ்சு அடைப்பது. இது பெரியவர்கள் வீட்டில் செய்ய வேண்டியது. மூச்சு இறுகாமல் சுற்ற வேண்டும். முனை மழுங்கிய கத்தரியால் வெட்ட வேண்டும். வகுப்பறையில் மாணவர் மேல் செய்து பார்க்கக் கூடாது.

இடையில் ஒரு வரலாற்றுச் செய்தியும் சொன்னேன். பாரிஸில் 1841-இல் ஆடை வடிவமைப்புப் பள்ளி தொடங்கிய அலெக்ஸி லவீஞ் என்ற தையற்கலைஞரே, வளையும் அளவு நாடாவையும் தையல் பொம்மையையும் உருவாக்கியவர் என்று அறியப்படுகிறார். அளவெடுக்கும் கருவியும் அளவை நிறுத்தி வைக்கும் கருவியும் ஒரே பட்டறையில் பிறந்தது மாணவர்களுக்கு வியப்பாக இருந்தது.

அளவெடுப்பதில் ஒரு நெறி

தையல் வகுப்பில் அளவெடுக்கும் நாளன்று சில பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பதின்பருவத்தில் தன் உடலளவை மற்றவர் உரக்கப் படிப்பதைக் கேட்பது சிறிய சங்கடமல்ல. என் வகுப்பில் மாணவர் உடலில் நாடா வைப்பதில்லை. வீட்டில் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறேன். அதை மேசையில் பரப்பி, அக்குள் முதல் அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்றளவு கிடைக்கும். சட்டையில் தளர்ச்சிக்கு விட்ட அளவும் இதில் சேர்ந்திருக்கும். உடலளவு இதைவிடக் குறைவு. தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும். ஆண் பிள்ளைகளும் அளக்கிறார்கள்.

"குண்டு", "ஒல்லி" என்ற சொற்களுக்கு வகுப்பில் இடமில்லை. துணி பொருந்தவில்லை என்றால் திருத்த வேண்டியது துணியைத்தான். இந்த ஒரு வரியைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் இரண்டு வாரமும் அழிக்காமல் வைத்திருந்தோம்.

செயல்பாடு 1: பஞ்சு சுற்றினால் எவ்வளவு கூடும்?

சிறிய பொம்மைமேல் பஞ்சும் துணியும் சுற்றிப் பெரிதாக்கலாம். பெரிய பொம்மையைச் சிறிதாக்க முடியாது. எனவே தேவையான அளவுக்குச் சற்றுக் குறைவானதை வாங்குவதே வழக்கம். எவ்வளவு குறைவாக வாங்கலாம்? இங்கேதான் கணக்கு நுழைகிறது.

குழுவுக்கு ஒரு டப்பா, ஒரு குடம், ஒரு துண்டு கொடுத்தோம். சுற்றும் முன்னும் சுற்றிய பின்னும் நாடாவால் அளந்தார்கள். 1 செ.மீ. தடிமனுக்குச் சுற்றினால் டப்பாவிலும் குடத்திலும் ஏறத்தாழ 6 செ.மீ. கூடியது. குடம் பெரிது, டப்பா சிறிது. கூடியது மட்டும் ஏன் ஒன்று? ஆரம் r ஆக இருந்த வட்டம் r + t ஆகிறது. சுற்றளவு 2πr-லிருந்து 2π(r + t) ஆகிறது. வித்தியாசம் 2πt மட்டுமே; அதில் r இல்லை.

"உடம்பு வட்டம் இல்லையே?" என்று ஒரு மாணவர் கேட்டார். செவ்வகப் பெட்டி ஒன்றை எடுத்துத் துண்டைச் சுற்றச் சொன்னோம். பக்கங்களில் நீளம் கூடவில்லை. நான்கு மூலைகளில் நான்கு கால்வட்டங்கள் உருவாயின. நான்கையும் சேர்த்தால் t ஆரமுள்ள ஒரு முழு வட்டம், அதாவது மீண்டும் 2πt. குழிவு இல்லாத எந்த வடிவத்துக்கும் இது பொருந்தும். பஞ்சு நாடாவில் அமுங்குவதால் அளவு சற்றுக் குறைந்து காட்டும் என்பதையும் பிள்ளைகளே கண்டு சொன்னார்கள்.

பிறகு பயிற்சிக் கணக்கு. 32 அங்குலப் பொம்மையை 34 ஆக்க வேண்டும். 2 அங்குலம் 5.08 செ.மீ. அதை 6.28-ஆல் வகுத்தால் சுமார் 0.8 செ.மீ. தடிமன் போதும். 32-ஐ 40 ஆக்க வேண்டுமானால் 3.2 செ.மீ. தேவை. அவ்வளவு பஞ்சு சுற்றினால் தோளும் கைக்குழியும் மறைந்து, பொம்மை மூட்டைபோல் ஆகிவிடும்.

செயல்பாடு 2: வாடிக்கையாளர் அளவுகள்

மாணவியின் அம்மா தாம் தைத்த 24 ரவிக்கைகளின் மார்பளவைப் பெயரின்றி எழுதித் தந்தார். 32 அங்குலம் 3 பேர், 34 அங்குலம் 6 பேர், 36 அங்குலம் 8 பேர், 38 அங்குலம் 5 பேர், 40 அங்குலம் 2 பேர். மாணவர்கள் சராசரி கண்டார்கள்: 35.75. "அந்த அளவில் ஒருவர்கூட இல்லையே" என்றது ஒரு குழு. முகடு 36. அப்படியானால் 36 வாங்கலாமா? வாங்கினால் அதைவிடச் சிறிய 9 ரவிக்கைகளை அந்தப் பொம்மைக்குப் போடவே முடியாது. 34 வாங்கினால் விடுபடுவது 3 மட்டும். 38 வரை பஞ்சு சுற்றிச் சமாளிக்கலாம். சராசரி, முகடு ஆகியவற்றின் பொருளும் அவற்றின் எல்லையும் அன்று பிள்ளைகளுக்குப் புரிந்தன.

ஆனால் தோள் அகலமும், பின்கழுத்து எலும்பிலிருந்து இடை வரையுள்ள நீளமும் பஞ்சால் சரியாகாதவை. மார்பளவு ஒன்றாக இருப்பவர்களுக்கும் இவை வேறுபடும். எனவே பொம்மை வாங்குபவர் முதலில் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும்; பிறகு மார்பு, அதன்பின் இடையும் இடுப்பும்.

முடிவுக்கு வந்த விதம்

கடைசிப் பாடவேளையில் அந்த அம்மாவை வகுப்புக்கு அழைத்தோம். பிள்ளைகள் கணக்கை விளக்கினார்கள். அவர் கேட்டுவிட்டு, "நம்மிடம் தைக்க வருபவர்கள் அளவு ரவிக்கை கொடுத்துவிடுகிறார்களே, அதைப் பார்த்துத்தானே வெட்டுகிறேன்" என்றார். பாடத்தின் திறவுகோல் அந்தச் சொல்தான். ஒவ்வொருவர் உடலின் அளவையும் அவரவர் அளவு ரவிக்கையே சுமந்து வருகிறது. பலருக்குத் தைப்பவருக்கு ஒரு பொம்மை செய்ய முடியாத வேலையை அது செய்துவிடுகிறது. பொம்மை பெரிதும் பயன்படுவது தனக்குத்தானே தைத்துக் கொள்பவருக்கு. தன் முதுகில் தானே குண்டூசி குத்திப் பார்க்க முடியாதல்லவா? கவுன், சுடிதார் போன்றவை தொங்கும் விதத்தைப் பார்க்கவும் அது உதவும்.

கடன் எடுப்பதை அவர் தள்ளி வைத்தார். சுடிதார் தைக்கும் வேலை கூடினால் 34 அங்குலப் பொம்மை வாங்குவது, அதுவரை தமக்கென்று பசைத்தாள் பொம்மை ஒன்று செய்து பார்ப்பது என்பது அவர் முடிவு.

மதிப்பீட்டுக்குச் சில கேள்விகள்

- 34 அங்குலப் பொம்மையை 36 ஆக்க எவ்வளவு தடிமன் வேண்டும்? 32-ஐ 34 ஆக்கிய விடையோடு ஒப்பிடுக.
- முன்பக்கம் மட்டும் பஞ்சு வைத்தால் 2πt பொருந்துமா? ஏன்?
- உங்கள் தெருவில் தைப்பவர் ஒருவருக்குப் பொம்மை தேவையா? அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுக.

தையல் ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் ஒரு நாடா, ஒரு குடம், ஒரு துண்டு இருந்தால் முதல் செயல்பாட்டை நடத்திவிடலாம். மூன்றாம் கேள்விக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் விடைகளைத் தொகுத்து வையுங்கள். நமது ஊரின் தையல் தொழிலைப் பற்றி நாம் அறியாத பல செய்திகள் அதில் கிடைக்கும்.