குழந்தைக்குப் பெரிய ஆபரேஷனா? கடன் வாங்கும் முன் கணக்குப் போடுவோம்



"குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை இருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்று டாக்டர் சொன்னால் நம் கை முதலில் எங்கே போகும்? கழுத்துச் செயினுக்கு. அடுத்து கால் வட்டிக்காரர் வீட்டுக்கு. பயத்தில் வாங்கின கடன், குழந்தை குணமாகி ஓடி விளையாடும்போதும் தீராது. அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்: ஆஸ்பத்திரிச் செலவு வேறு, கைச்செலவு வேறு. இரண்டையும் பிரித்து எழுதுவோம்.

1. ஆஸ்பத்திரிச் செலவு

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளுக்குள் ஆபரேஷன் செய்யணும்? எத்தனை நாள் தங்கணும்? பிறகு எத்தனை தடவை வரணும்?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குழந்தைகளின் இதய ஆபரேஷனும் இதில் சேரும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே பதிந்து வையுங்கள்.

திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில்தான் இது செல்லும். முன் அனுமதி வாங்கணும். "முதல்ல பணம் கட்டிடுவோம், அப்புறம் திரும்ப வாங்கிக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். கட்டணமில்லாத தொலைபேசி: 1800 425 3993.

2. கைச்செலவு

காப்பீடு இருந்தாலும் நம் கையிலிருந்து போகும் பணம் உண்டு. உதாரணத்துக்கு:

போக்குவரத்து – ரூ.3,000
10 நாள் சாப்பாடு, இரண்டு பேருக்கு – ரூ.3,000
30 நாள் கூலி இழப்பு (நாளுக்கு ரூ.400) – ரூ.12,000
மறுபரிசோதனை, 6 தடவை – ரூ.6,000
மொத்தம் – ரூ.24,000

குழுவில் கேட்க வேண்டிய கடன் இவ்வளவுதான். லட்சக் கணக்கில் இல்லை!

3. எங்கே வாங்குவது?

குழுவில் மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால், அசலில் மாதம் 2,000 வீதம் கட்டி 12 மாதத்தில் முடிக்கலாம். மொத்த வட்டி ரூ.1,560. வெளியில் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி என்றால் ஒரு வருஷத்துக்கு வட்டி மட்டும் ரூ.14,400. அசல் அப்படியே நிற்கும்.

4. முன்கூட்டியே தெரிந்தால் பாதி கவலை தீரும்

அரசின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அன்றைக்குக் குழந்தையைக் கட்டாயம் அனுப்புங்கள். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினால், உதடு நீலமாகத் தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் குழுவில் எத்தனை பேர் காப்பீட்டில் பதிந்திருக்கிறோம்? பதியாதவர்களுடன் யார் துணைக்குப் போவது?
• மருத்துவ அவசரக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?
• கூலிக்குப் போக முடியாத மாதங்களில் தவணையைத் தள்ளிவைக்கலாமா?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது அதைச் சேர்ந்து படிப்போம்.