தோணியை நறுக்கிப் பார்த்தால்...

(இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர்)



கப்பல் என்று சொன்ன உடனே நம் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது வ.உ.சி. அவர்கள்தான். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்து, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் அவை வெளிநாட்டில் வாங்கிய நீராவிக் கப்பல்கள். அதே தூத்துக்குடிக் கரையில், நம் ஆட்கள் தங்கள் கையாலேயே மரத்தில் கட்டிக் கடலில் இறக்கிய கப்பல் ஒன்று உண்டு. அதுதான் தோணி. நம் கல்லூரிக் கண்காட்சிக்கு நான் செய்து வைத்த மாதிரி அந்தத் தோணியினுடையதுதான். முழுத் தோணி அல்ல, நடுவில் ஒரு துண்டு மட்டும். வாழைத்தண்டை நறுக்கி ஒரு வில்லை எடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி!

"என்னலே, பாதிக் கப்பலைச் செஞ்சு வச்சிருக்கே? மீதி எங்கே?" என்று கேட்டவர்கள் அநேகம் பேர். அவர்களுக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

மெஷின் டிராயிங் பாடத்தில் நமக்கு 'செக்ஷனல் வியூ' சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரு பேரிங்கை வெளியே இருந்து பார்த்தால் வெறும் இரும்பு உருண்டைதான். வெட்டிக் காட்டினால்தான் புஷ் எங்கே, எண்ணெய் போகும் வழி எங்கே என்று தெரியும். கப்பலும் அப்படித்தான். வெளியே இருந்து பார்த்தால் பலகை, பாய்மரம், கயிறு. வெட்டிப் பார்த்தால்தான் அது எதனால் உடையாமல் நிற்கிறது என்பது விளங்கும். முழு மாதிரி செய்கிறவர்கள் பாதி நேரத்தைப் பாய்க்கும் கயிற்றுக்குமே செலவழிப்பார்கள். துண்டு மாதிரியில் அந்த வேலை இல்லை, ஆனால் உள்ளே எதையும் மறைக்கவும் முடியாது.

முதலில் தோணியைப் பற்றிக் கொஞ்சம். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஆழம் குறைவு. 1974-ல் புதிய துறைமுகம் வரும்வரை பெரிய கப்பல்கள் கரைக்குப் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போட்டன. அங்கே வரைக்கும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மர வள்ளங்கள். பெரிய தோணிகளோ கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்தே போய் வந்தன. பின்னால் எஞ்சின் வைத்தார்கள். தமிழர் கட்டிய மரக்கப்பல் எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது!

அளவு எடுக்க நான் தூத்துக்குடி போனேன். வரைபடம் கேட்டால் கிடைக்கும் என்ற நினைப்பில், கையில் கிராஃப் தாளும் ஸ்கேலும். கரையில் ஒரு தோணியை ஏற்றி வைத்துப் பக்கவாட்டுப் பலகைகளைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள். வயதான தோணி ஆசாரி ஒருவர் இருந்தார். "தாத்தா, இதுக்கு டிராயிங் இருக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "டிராயிங்கா? அதெல்லாம் இல்ல தம்பி. அச்சுப் பலகை இருக்கும், மீதி கண்ணுதான்" என்றார். ஒரு கரித்துண்டை எடுத்துக் கீழே கிடந்த பலகையில் வளைவாக ஒரே ஒரு கோடு இழுத்தார். "பாதி போதும். மறுபாதி இதேதான்" என்றார். அந்தக் கோட்டைத்தான் நான் அங்குலம் அங்குலமாக அளந்து கிராஃப் தாளில் ஏற்றினேன்.

இனி உறுப்புகளின் பெயர்கள். அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டைக்கு 'ஏரா' என்று பெயர். அதன் மேல் குறுக்கே நிற்கும் விலா எலும்புகள் 'வங்கு'. வங்குகளுக்கு மேலே, ஏராவுக்கு நேராக இன்னொரு நீளக் கட்டை படுத்திருக்கும். மேலும் கீழுமாக இரண்டும் சேர்ந்து வங்குகளை இடுக்கிப் பிடித்துக்கொள்ளும். வங்குக்கு வெளியே பலகை. மேலே ஒரு பக்கத்து வங்கையும் மறுபக்கத்து வங்கையும் சேர்ப்பது விட்டம், நம் ஓட்டு வீட்டு விட்டம் போலத்தான். விட்டமும் வங்கும் சேரும் மூலையில் முழங்கால் போல ஒரு வளைந்த கட்டை. இந்த மூலைக்கட்டையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சிவில் நண்பர்கள் 'போர்ட்டல் ஃபிரேம்' படித்திருப்பீர்கள். மூலை விறைப்பாக இல்லாவிட்டால் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கடலில் தோணி இடமும் வலமுமாக உருளும்போது ஒவ்வொரு வங்குக்கும் அந்தச் சோதனைதான். வெளியே இருந்து தண்ணீர் உள்நோக்கி நெருக்கும், உள்ளே இருந்து சரக்கு வெளிநோக்கித் தள்ளும்.

நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. அடிக்கு அரை அங்குலம், அதாவது இருபத்து நான்கில் ஒரு பங்கு. தோணியின் அகலம் 24 அடி என்றால் மாதிரியில் 12 அங்குலம். ஆழம் 12 அடிக்கு 6 அங்குலம். ஏரா ஓர் அடிச் சதுரம் என்றால் மாதிரியில் அரை அங்குலச் சதுரம். வங்கு 6 அங்குலக் கனத்துக்குக் கால் அங்குலம், பலகை 3 அங்குலத்துக்கு அரைக்கால் அங்குலம். வங்குக்கு வங்கு முக்கால் அங்குல இடைவெளி வைத்து ஏழு வங்கு. ஆக மாதிரியின் மொத்த நீளம் நாலே முக்கால் அங்குலம். மரம், அப்பா வேலை பார்க்கும் அறுவை மில்லில் விழும் தேக்குக் கழிவு. காசு போனது ஃபெவிகாலுக்கும் உப்புத்தாளுக்கும் மட்டும்தான்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். கால் அங்குலத் தேக்குப் பலகையில் வளைவை வரைந்து, கோப்பிங் ரம்பத்தால் ஒரே துண்டாக அறுத்தேன். பார்க்க ரொம்ப அழகாக வந்தது. அரம் போட்டு ராவும்போது, அடி வளைந்து மேலே ஏறும் இடத்தில் 'டக்'கென்று முறிந்தது. இரண்டாவதும் அதே இடத்தில். மூன்றாவதற்கு அரமே போடவில்லை, கையில் எடுத்தேன், முறிந்தது! மரம் சரியில்லை என்று நினைத்து வேறு பலகை எடுத்தேன். ஐந்தாவதும் போனது. கண்காட்சிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மரத்தை விட்டுவிட்டு பிளைவுட்டில் அறுத்து ஒப்பேற்றிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

ராத்திரி வேலை முடிந்து அப்பா வந்தாவ. உடைந்த துண்டுகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாவ. "ஏல, மரம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தியா?" என்று கேட்டாவ. நான் பார்க்கவில்லை. வளைவைப் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், இழையைப் பார்க்கவே இல்லை. அப்பா ஒரு துண்டை எடுத்து நகத்தால் கோடு போட்டுக் காட்டினாவ. பலகையில் இழை நேராக ஓடுகிறது, என் வங்கோ வளைந்து போகிறது. அதனால் வளைவில் இழை வங்கின் நீளத்தோடு போகாமல் குறுக்கே அறுபட்டு நிற்கிறது. அந்த இடத்தில் வங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது இழையின் பலம் அல்ல, இழைக்கும் இழைக்கும் உள்ள ஒட்டு மட்டுமே. இழை வாக்கில் இழுத்தால் மரம் தாங்கும் பாரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறுக்கு வாக்கில் தேறாது. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' கணக்கில் நாம் எடுத்துக்கொள்ளும் இரும்புக்கு எல்லாப் பக்கமும் ஒரே பலம். மரம் அப்படி இல்லை. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். "விறகு பிளக்கிறவன் எந்தப் பக்கம் கோடாலி போடுறான்?" என்று ஒரே கேள்வியில் எனக்கு விளங்க வைத்துவிட்டாவ.

அப்படியானால் நிஜத் தோணியில் எப்படி? அடுத்த வாரமே திரும்பவும் தூத்துக்குடி போய்த் தாத்தாவிடம் கேட்டேன். கரையில் குவித்துக் கிடந்த கோணல் மரங்களைக் கை காட்டினார். முதல் தடவை நான் அதை விறகு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்! கருவேல், வாகை மாதிரி மரங்களில் கிளை பிரியும் இடத்தில் இயற்கையாகவே வளைவு இருக்கும். அந்த வளைவோடேயே இழையும் வளைந்து ஓடும். வீட்டு வேலைக்கு யாரும் சீண்டாத கோணல் மரம்தான் தோணிக்கு வங்கு. ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1765-ல் வெள்ளோட்டம் விட்டு, இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் 'விக்டரி' போர்க்கப்பல் காலத்தில் கோணல் ஓக் மரங்களைத் தேடி அலைந்திருக்கிறார்கள். ஒரே மரத்தில் முழு வளைவும் கிடைக்காது என்பதால் துண்டு துண்டாகச் சேர்த்து, இரட்டை அடுக்காக வங்கு செய்தார்கள்.

நான் எடுத்துக்கொண்டது இந்த இரட்டை அடுக்கு முறையைத்தான். அரைக்கால் அங்குலத்தில் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் மூன்று துண்டு: ஏராவின் மேல் குறுக்கே படுக்கும் அடித்துண்டு ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இரண்டாம் அடுக்கில் நான்கு துண்டு: ஏராவின் நடுவில் வந்து முட்டும் வளைவுத் துண்டுகள் இரண்டு, அவற்றுக்கு மேலே இரண்டு. கீழ் அடுக்கின் இணைப்பு வரும் இடத்தில் மேல் அடுக்கின் முழு மரம் வரவேண்டும். கொத்தனார் செங்கலை இணைப்பு மாற்றி அடுக்குவது போல. ஒவ்வொரு துண்டையும் அதன் நீளத்தோடு இழை ஓடும்படி அறுக்க வேண்டும். வங்குக்கு ஏழு துண்டு, ஏழு வங்குக்கு நாற்பத்தொன்பது துண்டு! ஃபெவிகால் தடவி, ஒரு ராத்திரி முழுக்க அம்மிக்கல்லை மேலே ஏற்றி வைத்தேன். பிறகு துளை போட்டு ஊதுபத்திக் குச்சியை ஆணியாக அடித்தேன் (ஊதுபத்திக் குச்சி மூங்கில்தானே!). காய்ந்த வங்கைத் தரையில் நிறுத்தி அழுத்திப் பார்த்தேன். வளைந்து கொடுத்தது, முறியவில்லை.

இன்னொரு திருத்தமும் தாத்தா சொன்னார். நான் வரைந்த வங்கு அடி முதல் நுனி வரை ஒரே பருமன். "கீழ தடி, மேல மெலிசு. பாரம் எல்லாம் கீழதானே இருக்கு" என்றார். அதன்படி உட்பக்கத்தை மேலே போகப் போக இழைத்துக் குறைத்தேன்.

வங்குகளை ஏராவில் நிறுத்துவது பெரிய சங்கதி இல்லை. ஒரு தட்டைப் பலகையில் நடுக்கோடு போட்டு, தூக்குக்குண்டு மாதிரி நூல் தொங்கவிட்டு ஒவ்வொன்றையும் சரி பார்த்தேன். பழைய அரபிக் கப்பல்களில் முதலில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கூடு மாதிரி செய்து, அதன் பிறகுதான் உள்ளே வங்கு வைப்பார்களாம். நான் செய்தது வங்கு முதலில், பலகை பிறகு.

பலகை அடிப்பதில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஏராவை ஒட்டி வரும் முதல் பலகைக்கு ஏராவின் இரு பக்கமும் காடி வெட்ட வேண்டும். பலகையின் ஓரம் அந்தக் காடிக்குள் உட்கார வேண்டும். வெறுமனே ஒட்ட வைத்தால் தண்ணீர் புகும் முதல் இடம் அதுதான். பிறகு வளைவில் அகலப் பலகை உட்காராது. மேலே முக்கால் அங்குலம் வைத்த நான் வளைவில் கால் அங்குலத்துக்கு இறங்கினேன். நிஜத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை உளியும் கொட்டாப்புளியும் வைத்து அடித்து இறுக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசுவார்கள். அதற்குப் பெயர் கலப்பத்து. மரம் தண்ணீரில் ஊறினால் நீளவாக்கில் அநேகமாக வளராது, அகலவாக்கில்தான் உப்பும். அதனால் கடலில் இறங்கிய பிறகு பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, பஞ்சு இன்னும் இறுகும். என் மாதிரியில் கறுப்பு நூல் வைத்து ஒட்டியிருக்கிறேன், பார்வைக்கு மட்டும்தான். ஒரு பக்கம் முழுக்கப் பலகை அடித்து, மறுபக்கம் வங்குகள் தெரியும்படி திறந்தே விட்டேன்.

எல்லாம் முடிந்த பெருமையில் மாதிரியைத் துணியில் சுற்றி பஸ்ஸில் தூத்துக்குடி கொண்டு போனேன். தாத்தா கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். முழங்கால் கட்டையைத் தடவினார். பிறகு, "தம்பி, அடியில தண்ணி நின்னா எப்படிப் போகும்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்த மரக்கப்பலிலும் கொஞ்சமாவது தண்ணீர் கசிந்து அடியில் தேங்கும். அது வங்குக்கு வங்கு தாண்டி ஓடி ஓர் இடத்துக்கு வந்தால்தான் இறைக்க முடியும். அதற்காக ஒவ்வொரு வங்கின் அடியிலும், ஏராவுக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்ன வழி விடுவார்கள். என் மாதிரியில் ஏழு வங்கும் ஏழு அணைக்கட்டு மாதிரி நின்றன! நம் தாமிரபரணியில் தடுப்பணை கட்டுவது பயிருக்கு, தோணிக்குள் கட்டினால் மரம் அழுகிவிடும்.

வீட்டுக்கு வந்து, திறந்திருந்த பக்கம் வழியாகக் கை நுழைத்து, கைத்துளைப்பானால் பதினான்கு துளை போட்டேன். ஐந்தாவது வங்கில் துளை கோணி, அடித்துண்டு லேசாக விரிந்துவிட்டது. மாற்ற நேரமில்லை, பசை வைத்து நூல் சுற்றியிருக்கிறேன். கண்காட்சியில் பார்த்தவர்கள் அதையும் ஒரு உறுப்பு என்று நினைத்துப் பெயர் கேட்டார்கள்.

அளவு போட்ட வரைபடத்தை மூன்று தாளில் மை கொண்டு வரைந்து டிராயிங் ஹால் அலமாரியில் மாதிரியோடேயே வைத்திருக்கிறேன். கரியால் இழுத்த அந்த வளைவு முதல் தாளில் இருக்கிறது. புதுத் தோணி கட்டும் வேலை வர வரக் குறைந்து போனது என்று தாத்தா சொன்னார். அவரிடம் அச்சுப் பலகைகள் ஏழெட்டு இருக்கின்றன. அடுத்த தடவை தாளும் பென்சிலும் கொண்டு போய் ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட வர விருப்பமுள்ள ஜூனியர் நண்பர்கள் சொல்லுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பிடிக்க ஒருவர் வரையலாம்.