உறையுளும் சமயமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றில் உறையுளைத்தான் நாம் பாடத்தில் விரைவாகக் கடந்து விடுகிறோம். வீடு என்று ஒன்று இருந்தால் போதுமா? அதற்குள் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டுமல்லவா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறை என்று எழுதப்பட, அது குறைந்தது 2 மீட்டர் நீளமும், 1.5 மீட்டர் அகலமும், 2 மீட்டர் உயரமும் உடையதாய் இருத்தல் வேண்டும். ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவே! சமையலறையும் தாழ்வாரமும் கணக்கில் சேரா. 2011-இல் இந்தியக் குடும்பங்களில் 37.1 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தன. ஓர் அறையில் மூவருக்கு மேல் இருந்தால் அது இடநெருக்கடி என்கிறது ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு.

இந்நெருக்கடி எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றுபோல் உள்ளதா? இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021-இல் எடுத்த கணக்கின்படி, மக்களில் 8.4 விழுக்காட்டினர் நெருக்கடியான வீடுகளில் இருந்தனர், முஸ்லிம்களிலோ 32.7 விழுக்காட்டினர். நம் நாட்டில் 2010-இல் வீடுகளைக் கணக்கெடுத்தபோது, குடும்பத் தலைவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரா, பழங்குடியினரா என்று கேட்டார்கள், சமயத்தைக் கேட்கவில்லை. அது மறு ஆண்டு வேறொரு படிவத்தில் கேட்கப்பட்டது.

ஆனால் வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். எங்கள் மறைமலை நகரில் எங்களுள் ஒருத்தியின் தந்தை வாடகைக்கு வீடு கேட்டுப் போனார். பெயரைச் சொன்னதும், "இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்" என்றார்களாம். அடுத்த வாரமும் 'டு லெட்' பலகை அங்கேயே தொங்கியது. அவர்கள் ஐவரும் இன்னும் ஓர் அறையில்தான் இருக்கிறார்கள். அவள் மாடிப்படியில் அமர்ந்து படிக்கிறாள். கதவுகள் குறையக் குறைய, திறந்திருக்கும் வீட்டில் கூட்டம் சேரத்தானே செய்யும்? அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடை, உணவுவிடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சமய வேற்றுமை கூடாது என்கிறது. வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை.

தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்த அண்ணன்மார் தங்கும் அறைகளில் நிலைமை வேறு. ஒடிசா இந்துவும், அசாம் முஸ்லிமும், ஜார்க்கண்ட் கிறிஸ்தவரும் வாடகையைப் பங்கிட்டு ஒரே அறையில் இருக்கிறார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கிறார். அங்கே நெருக்கடிக்குக் காரணம் கூலிதான்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகள் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. ஆண்களும் குடும்பத்தோடு வருவோரும் பலகை தேடித்தான் தெருத்தெருவாக நடக்கிறார்கள்.