பத்து லட்சத்தைத் தாண்டுற கார்: வரிக் கணக்கு

பிளேஸ்மென்ட் கெடச்சாச்சு, கல்மண்டபத்து வீட்டுக்கு முதல் கார் வாங்கணும்னு ஆசையா? ஷோரூம் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

ஷோரூம் விலையில ஜி.எஸ்.டி. சேர்ந்தே இருக்கும். அதுக்கு மேல தமிழ்நாடு அரசுக்கு வாழ்நாள் வரி கட்டணும். 2023 நவம்பர்ல மாத்தின விகிதப்படி, புது கார் விலை 5 லட்சம் வரைக்கும் 12%, 10 லட்சம் வரைக்கும் 13%, 20 லட்சம் வரைக்கும் 18%, அதுக்கு மேல 20%.

கவனிக்க வேண்டியது இதுதான்: வருமான வரி மாதிரி, தாண்டின தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் இல்ல. மொத்த விலைக்கும் அதே விகிதம்.

9,90,000 ரூபாய் கார்: வரி 1,28,700.
10,10,000 ரூபாய் கார்: வரி 1,81,800.

விலையில வித்தியாசம் 20,000. வரியில 53,100! "கொஞ்சம்தான் சார் கூட, டாப் வேரியன்ட் எடுங்க"ன்னு சேல்ஸ்மேன் சொன்னா, இது ஞாபகம் இருக்கட்டும்.

இதோட பதிவுக் கட்டணம் 600, லோன் போட்டா அதை ஆர்.சி.யில ஏத்த 1,500, மூணு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேருங்க.

செகண்ட் ஹேண்டா? தமிழ்நாட்டுல வாழ்நாள் வரி கட்டின வண்டின்னா மறுபடி கட்ட வேண்டாம். படிவம் 29, 30 கொடுத்து, 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிச்சிடுங்க.

கலர் அப்புறம் பாத்துக்கலாம், கணக்கு முதல்ல.